தடவிப் பாத்தே வாசிக்கிற வாத்தியம்: பிள்ளையளுக்கு வீட்டுலயே செய்றது எப்படி

தொட்டா ஒவ்வொரு பொருளும் ஒரு ஸ்வரம் பாடுத பெட்டி ஒண்ணைத்தான் செய்யப் போறோம். மொதல்ல சாலிடரிங் அயனை, அதான் வயரைப் பத்த வைக்கிற சூட்டுக்கோலை, கையில எடுக்காதீங்க. எலக்ட்ரானிக் போர்டும் வாங்காதீங்க. ஒரு அட்டைப்பெட்டி, ஆறு விதமான பொருள், சுருதியா பாடத் தெரிஞ்ச ஒரு ஆள், கூட ஒரு பிள்ளை, இவ்வளவு இருந்தா முதல் நாள் வேலை முடிஞ்சிரும். எப்படின்னு சொல்லுதேன்.

எங்க வீடு சேரன்மகாதேவி பக்கம். தங்கச்சி மவளுக்கு அப்ப நாலு வயசு, லீவுக்கு வந்தா கையில எப்பவும் போன்தான், அதுல ஒரு பியானோ ஆப், வழவழன்னு கண்ணாடி மேல விரலை வச்சா சத்தம் வரும், ஆனா எங்க தொட்டாலும் அதே கண்ணாடி, ச-வும் கண்ணாடி ப-வும் கண்ணாடி. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. நம்ம நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்துல இசைத்தூண் இருக்குல்லா, ஒரே கல்லுல செதுக்கின தூண் கொத்து, நடுவுல பெருசு ஒண்ணு, சுத்தி சின்னச் சின்னத் தூண், ஒண்ணொண்ணும் கனம் வேற வடிவம் வேற, அதனால நாதமும் வேற. அங்க கைக்குப் போற சேதியும் காதுக்குப் போற சேதியும் ஒண்ணு. அந்தத் தூணை இனிமே யாரும் தட்டக்கூடாது, தட்டுனா தேஞ்சு போகும், ஆனா அந்த யோசனையை நம்ம எடுத்துக்கிடலாம். விரல் பட்ட உடனே, சத்தம் காதுக்கு வாரதுக்கு முன்னாடியே, இது என்ன ஸ்வரம்னு தோலுக்குத் தெரியணும். நான் கீழ சொல்லுத ஒவ்வொரு வேலையும் இதுக்காகத்தான்.

முதல் நாள்: மெஷின் இல்லாத வாத்தியம்

அட்டைப்பெட்டி மேல சிரட்டை, பாய்த்துண்டு, கிண்ணம்னு வீட்டுல கிடந்த ஆறு சாமானை ஒட்டினேன். பக்கத்துல ஒரு பழைய சேலையைத் திரை மாதிரி கட்டி, அதுக்கு அந்தப் பக்கம் எங்கம்மா, அதான் பிள்ளைக்கு ஆச்சி. அம்மா கோயில்ல பாடிப் பழகினவங்க. சேலை இடுக்கு வழியா பாத்துக்கிட்டே இருக்கணும், பிள்ளை எதைத் தொடுதோ அந்த ஸ்வரத்தை உடனே பாடணும், கையை எடுத்தா நிப்பாட்டணும், அமுக்கித் தொட்டா உரக்க, பைய தொட்டா பைய.

அரை மணி நேரத்துல எனக்குத் தெரிஞ்சது அதுக்கு முன்னாடி ஒரு மாசம் யோசிச்சும் தெரியல. பிள்ளை விரல் நுனியால தொடவே இல்ல, உள்ளங்கையை அப்படியே படிய வைக்கா. தேய்க்கா. சிரட்டை மேல கன்னத்தை வச்சுப் பாத்தா. அப்புறம் ரெண்டு கையையும் ரெண்டு இடத்துல வச்சுக்கிட்டு காத்துக்கிட்டே இருந்தா, "ஆச்சி, ரெண்டும் பாடு"ன்னு சேலையைப் பாத்துச் சொல்லிட்டா. அம்மாவால ஒரே நேரத்துல ரெண்டு ஸ்வரம் எப்படிப் பாட முடியும்? அன்னைக்கே நோட்டுல எழுதி வச்சேன், ரெண்டு மூணு சத்தம் ஒண்ணா வரணும்னு. இது பின்னால போர்டு வாங்கும்போது ரொம்ப உதவுச்சு, ஏன்னா சின்ன எம்பி3 பிளேயர் மாடியூல்னு சல்லிசா விக்காங்க, மெமரி கார்டுல பாட்டை ஏத்தி பட்டனை அமுக்கினா பாடும், அதுல ஒரு சத்தம் பாடும்போது அடுத்ததை அமுக்கினா முதல் சத்தம் நின்னுரும், நமக்கு அது ஆகாது.

இந்த முதல் நாளை யாரும் தாண்டிப் போகாதீங்க. பாட ஆள் இல்லைன்னா ஒரு கீபோர்டோ ஆர்மோனியமோ வச்சு நீங்களே வாசிங்க. பிள்ளை கையை ஒரு பேப்பர்ல வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சு எடுத்துக்கிடுங்க, விரலை விரிச்சு ஒண்ணு, சேத்து ஒண்ணு. நம்ம வைக்கிற ஒவ்வொரு பொருளும் அந்த உள்ளங்கை அகலத்துக்குக் குறையக்கூடாது. எனக்கு ஆறு சென்டிமீட்டர் வந்துச்சு, ரெண்டு பொருளுக்கு நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். சம்மணம் போட்டு உக்காந்த பிள்ளை கையை நீட்டி வீசினா ஒரு அரைவட்டம் வரும்லா, நேர்கோடா வைக்காம அந்த அரைவட்டத்துலயே அடுக்கிட்டா எதுக்கும் எட்டிப் பிடிக்க வேண்டாம்.

எந்த ஸ்வரம், எத்தனை ஹெர்ட்ஸ்

மோகனம். ச ரி க ப த, மேல் ச. மத்த ராகம் வேண்டாம்னு சொல்லல, ஆனா ம-வும் நி-யும் இல்லாததால இந்த ஆறுல எந்த ரெண்டை ஒண்ணா அமுக்கினாலும் காதைக் கீறாது, நாலு பிள்ளைய ஒண்ணா விழுந்து ஆறையும் அமுக்கினாக்கூட கேக்க நல்லாத்தான் இருக்கும். "தப்பே வராத வாத்தியம் என்ன வாத்தியம்"னு என் சிநேகிதர் ஒருத்தர் கேட்டார், அவர் நாதஸ்வரம் வாசிக்கிறவர். அவர் சொல்லுதது நியாயம்தான், ஏழெட்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு ம, நி ரெண்டையும் சேத்துக்குடுங்க. ஆனா நாலு வயசுல முதல் தடவை தொடும்போதே நாராசமா கேட்டுச்சுன்னா பிள்ளை கையை இழுத்துக்கிடும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

ச-வை 240 ஹெர்ட்ஸ்ல வைங்க, அதாவது ஒரு செகண்டுக்கு 240 அதிர்வு. அப்போ ரி 270, க 300, ப 360, த 400, மேல் ச 480. எல்லாம் முழு எண்ணா வருது பாருங்க, 9-க்கு 8, 5-க்கு 4, 3-க்கு 2, 5-க்கு 3ன்னு சுத்தமான விகிதம். கடையில வாங்குற கீபோர்டுல ஒரு ஸ்தாயியை 12 சமபங்கா வெட்டியிருப்பாங்க, அதுல க நம்ம சுத்தமான க-வை விட சுமார் 14 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200-ஆ வெட்டினா அதுல ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதலா நிக்கும், தம்புராவைப் போட்டுக்கிட்டு கேட்டா லேசா அலையடிக்கும். நம்மளே செய்யும்போது அந்தக் குறையை ஏன் கூட்டிட்டு வரணும்.

240-க்கு இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச காரணம். நம்ம தோலுக்கு அடியில அதிர்வை உணருத பாசினியன் நரம்பு முனைகள்னு உண்டு, அதுக்கு 250 ஹெர்ட்ஸ் பக்கத்துல உள்ள அதிர்வுதான் நல்லாத் தெரியும், ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல போனா தோலுக்கு அநேகமா ஒண்ணும் தெரியாது. அப்போ 240-ல இருந்து 480 வரைக்கும் உள்ள நம்ம ஆறு ஸ்வரமும் காதால மட்டும் இல்ல, கையாலயும் கேக்குற சத்தம். பாளையங்கோட்டையில பார்வை இல்லாத பிள்ளையளுக்கும் காது கேளாத பிள்ளையளுக்கும் நூறு வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் நடக்குத ஊர் நம்ம ஊர், இங்க இருந்துக்கிட்டு கண்ணும் காதும் நல்லா உள்ள பிள்ளைக்கு மட்டும் ஒரு சாமான் செய்றது எனக்குச் சரியாப் படல.

எதைத் தொடக் குடுக்கணும்

இந்த இடத்துல நேரம் எடுத்துக்கிடுங்க, இதுல அவசரப்பட்டா மிச்சம் எல்லாம் வீண். நான் வச்சது இதுதான். ச-வுக்கு நல்ல பெரிய சிரட்டை, கவுத்து வச்சது, உப்புத்தாளால தேச்சு தேங்காஎண்ணெய் தடவினது. ரி-க்கு பத்தமடைப் பாய்த்துண்டு, கோரை வரிவரியா விரலுக்குத் தட்டுப்படும். க-வுக்கு காஞ்ச பீர்க்கங்கூடு, சொரசொரன்னு. ப-வுக்கு சின்ன பித்தளைக் கிண்ணம் கவுத்தது, தொட்டா ஜில்லுன்னு இருக்கும், ச-வுக்கு அப்புறம் காது தேடுத இடம் ப-தானே, அதனால மத்த அஞ்சுல இருந்தும் தனியாத் தெரியணும்னு உலோகம் வச்சேன். த-வுக்கு பனையோலைப் பின்னல், நாலு மடிப்பா. மேல் ச-வுக்கு மறுபடி சிரட்டை, ஆனா சின்னது, முதல் சிரட்டையில பாதி அகலம்.

கடைசிதான் முக்கியம். மேல் ச-ங்கிறது கீழ் ச-வேதான், ரெண்டு மடங்கு வேகத்துல அதிருது. அதனால பொருளும் அதே பொருள், அளவு மட்டும் பாதி. இதை நான் யாருக்கும் விளக்கிச் சொல்லல. அடுத்த தெருவுல பார்வை இல்லாத ஒரு பையன் இருக்கான், ஏழு வயசு, அவன் முதல் தடவை பெட்டியைத் தடவிக்கிட்டே போய் கடைசி சிரட்டையில கை வச்சதும், வாசிக்கதுக்கு முன்னாடியே, "இது அதோட குட்டி"ன்னான். அதுக்கு முந்தி நான் செஞ்ச பெட்டியில ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கலர் எல்இடி லைட் வச்சிருந்தேன், எல்லாம் ஒரே மாதிரி வட்டத் தகடு, அதை அவன் ரெண்டு நிமிஷத்துல தள்ளி வச்சிட்டான். அந்த லைட்டையெல்லாம் அன்னைக்கே கழட்டினேன்.

உங்க ஊர்ல கிடைக்கதை வைங்க. காருகுறிச்சி பக்கம்னா மண்சட்டி மூடி, அம்பாசமுத்திரம்னா மரச்சொப்புல வழவழன்னு அரக்குப் பூசின மூடி, கடற்கரைன்னா சோவி. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு குழம்பக்கூடாது, அதை மட்டும் பாத்துக்கிடுங்க. கண்ணை மூடிட்டு நீங்களே தடவிப் பாருங்க, ஒரு செகண்டுக்கு மேல யோசிக்க வேண்டி வந்தா பொருளை மாத்துங்க.

பெட்டியும் ஸ்பீக்கரும்

6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். தச்சர் கிட்டக் குடுத்தா அரை நாள்ல செஞ்சு தருவார், மூலையெல்லாம் உருட்டிக் கேளுங்க. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளதான் இருக்கணும், தனியா வயர் போட்டு தள்ளி வைக்காதீங்க. கை வச்ச இடத்துல இருந்துதான் சத்தம் வருதுன்னு பிள்ளைக்குத் தோணணும், பலகை அதிருறது உள்ளங்கைக்கும் மடிக்கும் தெரியணும். வில்லுப்பாட்டுல குடம் அடிக்கிறவரைப் பாத்திருப்பீங்க, அவருக்குக் குடத்தோட நாதம் கையிலதான் முதல்ல தெரியும். மூணு இன்ச்சுக்குக் குறைஞ்ச ஸ்பீக்கர் வாங்காதீங்க, சின்ன ஸ்பீக்கர் 240 ஹெர்ட்ஸை சரியாப் பாடாது, கீச்சுன்னு மேல் ஓசை மட்டும்தான் வரும், தோலுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மூணு இன்ச், 4 ஓம், 3 வாட்ஸ். அதை மேல் பலகையிலயே அடிப்பக்கமா ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க, நடுவுல ஸ்பாஞ்ச் வைக்காதீங்க, அதிர்வு பலகைக்கு ஏறணும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமான்னு எல்லாரும் கேக்காங்க. வேண்டாம். ப்ளூடூத்துல சத்தம் வர பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்கு மேல ஆகிரும், தொட்டது ஒரு நேரம் கேட்டது ஒரு நேரம்னு ஆயிரும். வாத்தியத்துக்கு 10 மில்லிசெகண்டுக்குள்ள சத்தம் வந்தா நல்லது, அது மூணரை மீட்டர் தள்ளி நிக்கிற ஆளோட கைதட்டு நம்ம காதுக்கு வந்து சேருத நேரம், அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது.

வாங்க வேண்டிய சாமான்

ஈஎஸ்பி32 டெவலப்மெண்ட் போர்டு ஒண்ணு, புரோகிராம் ஏத்தி ஓட்டுற குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. பழைய சாதா ஈஎஸ்பி32-தான் கேட்டு வாங்கணும், இதுல தொடுறதை உணருத 'பின்', அதான் வயர் சேக்குற கால், பத்து இருக்கு, தனி சென்சார் வேண்டாம். மேக்ஸ்98357ஏ-ன்னு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் போர்டு, டிஜிட்டலா வாங்கி நேரா ஸ்பீக்கருக்குத் தரும். காப்பர் டேப், வயர், ஸ்பீக்கர், பென்சில் பேட்டரி போடுத டப்பா, ஒரு சுவிட்ச். எனக்கு மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் ஆச்சு. ஸ்பீக்கர், சுவிட்ச், வயர் எல்லாம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரேடியோ ஸ்பேர் விக்கிற கடையில கிடைச்சிரும், போர்டு ரெண்டும் ஆன்லைன்ல போட்டேன்.

பேட்டரி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. நாலு ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரி போட்டா 4.8 வோல்ட், சரியா இருக்கும். சாதா பேட்டரி நாலு போட்டா 6 வோல்ட் ஆயிரும், ஆம்ப்ளிஃபையருக்கு அளவு 5.5 வரைக்கும்தான். பவர் பேங்க் வச்சா நம்ம பெட்டி இழுக்குத கரண்ட் கம்மின்னு பல பவர் பேங்க் தானா அணைஞ்சிரும், பிள்ளை வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே. சுவத்து பிளக்குல இருந்து கரண்ட் எடுக்கவே எடுக்காதீங்க, பிள்ளை கையில இருக்கிற சாமானுக்கு அது வேண்டாத ஆபத்து.

தொடுறதை போர்டுக்குப் புரிய வைக்கிறது

ஒவ்வொரு பொருளுக்கும் அடியில காப்பர் டேப்பை ஒட்டி, அதுல இருந்து ஒரு வயர் எடுத்து போர்டுல ஒரு பின்னுக்குக் குடுக்கணும், அவ்வளவுதான் வயரிங். சமையலறை அலுமினியத் தாளும் ஆகும், ஆனா அதுல சாலிடர் பிடிக்காது, நட்டு போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்கணும். பத்து டச் பின்னுல 0, 2, 12, 15 நாலும் போர்டு ஆன் ஆகுறப்போ வேற சோலி பாக்குற பின்னுங்க, அதை விட்டுருங்க. மிச்சம் 4, 13, 14, 27, 32, 33. சரியா ஆறு, நம்ம ஸ்வரமும் ஆறு. ஆம்ப்ளிஃபையருக்கு 25, 26, 22 மூணையும் வச்சுக்கிடலாம்.

பாய், பீர்க்கங்கூடு, ஓலை இதெல்லாம் மெல்லிசு, அடியில டேப் இருந்தாலே கையை உணரும். பித்தளைக் கிண்ணம் தானே கடத்தும், வயரை நேரா அதுல சேத்தா போதும். சிரட்டைதான் படுத்தும், கனம் கூடுதல். உள்பக்கம் நல்லா சுரண்டி மெல்லிசாக்கிட்டு முழுசும் காப்பர் டேப் ஒட்டுங்க, அதுக்கும் சரியா வரலைன்னா கண்ணு உள்ள பாதிச் சிரட்டையை எடுத்து, தேங்காய்க்கு மூணு கண்ணுல ஒண்ணு மெதுவா இருக்கும்லா, அது வழியா ஒரு சின்ன பித்தளை போல்ட்டை ஏத்தி உள் டேப்போட சேத்துருங்க, தலை வழவழன்னு வட்டமா இருக்கணும்.

போர்டுக்குப் புரோகிராம் எழுதுற ஆர்டுயினோ மென்பொருள்ல அந்த பின்னை வாசிச்சா ஒரு எண் வரும். எனக்கு சும்மா இருக்கும்போது 70 பக்கம், விரல் நுனி வச்சா 45, உள்ளங்கை படிய வச்சா 20. சாதா ஈஎஸ்பி32-ல தொட்டா எண் இறங்கும், எஸ்2, எஸ்3 ரகத்துல தொட்டா ஏறும், வேற ஆள் எழுதின புரோகிராமை எடுத்துப் போடும்போது இதைப் பாத்துக்கிடுங்க. எண் எவ்வளவு இறங்குதோ அந்தளவு சத்தத்தைக் கூட்டுங்க, அப்பதான் பைய தொட்டா பைய, அழுத்தித் தொட்டா உரக்கன்னு வரும். கை வந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்து ஒரே அளவு சத்தம் குடுத்தா அது காலிங் பெல்.

இப்ப நான் பட்ட பாடு ஒண்ணு, நீங்களும் பட வேண்டாம். மேசையில லேப்டாப்புல வயரைக் குத்தி, 50-க்குக் கீழ போனா தொட்டதா அர்த்தம்னு கணக்கு வச்சு அருமையா வேலை செஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலமே பேட்டரியைப் போட்டு வளவுல பிள்ளையளைக் கூட்டி உக்கார வச்சேன், ஒண்ணுமே பாடல. பிள்ளைய மாத்தி மாத்தி அமுக்கிப் பாத்துட்டு எந்திச்சுப் போயிட்டாங்க. லேப்டாப்புல குத்தியிருக்கும்போது கரண்ட் வயர் வழியா பெட்டிக்கு பூமியோட ஒரு தொடர்பு இருக்கும், தொட்டா எண் நல்லா இறங்கும், பேட்டரியில அந்தத் தொடர்பு கிடையாது, அதனால இறக்கம் கம்மி. இதுக்கு ரெண்டு வேலை செய்யணும். ஒண்ணு, பெட்டி அடியில முழுசும் அலுமினியத் தாள் ஒட்டி அதை போர்டோட கிரவுண்டுல (GND-ன்னு எழுதின பின்னுல) சேருங்க, பிள்ளை மடியில வச்சதும் அதுவே பாதிக் குறையைத் தீத்துரும். ரெண்டு, 50-ங்கிற மாதிரி நிலையான எண் வைக்காதீங்க. ஆன் பண்ணினதும் ரெண்டு செகண்ட் யாரும் தொடாம ஒவ்வொரு பின்னோட சும்மா இருக்கிற அளவை எடுத்து வச்சுக்கிட்டு, அதுல ஐந்துல ஒரு பங்கு இறங்கினா தொட்டதா எடுத்துக்கிடுங்க, தொடாத நேரமெல்லாம் அந்த அளவைப் பைய பைய புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். சாரல் சமயம் தென்காசிப் பக்கம் கொண்டு போனப்ப காத்து ஈரத்துல எல்லா எண்ணும் மாறிப்போச்சு, இந்தப் புதுப்பிக்கிற வேலை இருந்ததால மட்டும்தான் பாடிச்சு. கோரையும் பீர்க்கங்கூடும் ஈரத்தை உறிஞ்சும்.

சத்தம் உண்டாக்குறது

யாராவது பாடினதைப் பதிவு பண்ணிப் போடலாம்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம அதே சத்தம் வரும், பிள்ளைக்கு ரெண்டு நாள்ல சலிச்சுப் போகும். நான் போட்டது கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை, 1983-ல கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங்னு ரெண்டு பேர் வெளியிட்டது, தந்தியை மீட்டின மாதிரி சத்தத்தை ரொம்பக் குறைஞ்ச கணக்குல உண்டாக்கும்.

ஒவ்வொரு தடவை தொடும்போதும் 200 பேரை வட்டமா நிக்க வச்சு ஆளுக்கு ஒரு எண்ணைக் கண்டபடி கையில குடுத்ததா நினைச்சுக்கிடுங்க. வரிசையா ஒவ்வொருத்தர் எண்ணையும் ஸ்பீக்கருக்கு அனுப்பணும். அனுப்பினதும் அவரோட எண்ணையும் அடுத்தவர் எண்ணையும் கூட்டி ரெண்டால வகுத்து, கூட 0.996-ஆல பெருக்கி, அதை அவர் கையிலயே திருப்பிக் குடுத்துரணும். வட்டம் சுத்தச் சுத்த கரடுமுரடான எண்ணெல்லாம் மழுங்கி, முதல்ல டங்குன்னு வந்த சத்தம் பைய இழைஞ்சு அடங்கும். ஒரு செகண்டுக்கு 48000 எண் அனுப்பினா 200 பேர் வட்டம் செகண்டுக்கு 240 தடவை சுத்தும், அதான் நம்ம ச. ரி-க்கு 178 பேர், க-வுக்கு 160, ப-வுக்கு 133, த-வுக்கு 120, மேல் ச-வுக்கு 100. ஆறு வட்டத்தையும் சேத்தாலும் 900 எண்ணுக்குள்ளதான், போர்டுக்கு இது ஒரு பாரமே இல்ல. ஆறையும் தனித்தனியா ஓடவிட்டு கடைசியில கூட்டிட்டா ஆறு ஸ்வரமும் ஒண்ணா கேக்கும், அன்னைக்கு ஆச்சியால முடியாதது.

பைய தொட்டா முதல்ல குடுக்குற எண்களைக் கொஞ்சம் மழுங்க வச்சுக் குடுங்க, அழுத்தித் தொட்டா கரடுமுரடா அப்படியே. சத்தத்தோட அளவு மட்டும் இல்லாம குணமும் மாறும், விரலால தொட்டதுக்கும் அறைஞ்சதுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

ஈஎஸ்பி32-ல ரெண்டு கோர், அதாவது கணக்குப் போடுத மூளை ரெண்டு இருக்கு. சத்தத்தை ஒண்ணுக்கும் டச் வாசிக்கிறதை இன்னொண்ணுக்கும் பிரிச்சுக் குடுத்துருங்க, இல்லைன்னா தொடும்போதெல்லாம் சத்தம் வெட்டும். ஸ்பீக்கருக்குப் போற எண்ணைச் சேத்து வைக்கிற ஆடியோ பஃபர் 64 எண் வீதம் நாலு வச்சா தாமதம் 5 மில்லிசெகண்ட் பக்கத்துல நிக்கும். வைஃபை, ப்ளூடூத் ரெண்டையும் அணைச்சு வைங்க, பின்னணியில கிரகிரன்னு கேட்டா அநேகமா அதுதான். புரோகிராம் எழுதப் பயமா இருந்தா மோசின்னு ஒரு இலவச லைப்ரரி, அதான் முன்னாடியே எழுதி வச்ச புரோகிராம் தொகுப்பு இருக்கு, அதுல ஆரம்பிங்க. முதல் வாரம் ஒரே ஒரு சிரட்டையும் ஒரே ஒரு ஸ்வரமும் மட்டும் வேலை செஞ்சா போதும், ஆறையும் ஒரே நாள்ல கோத்துட்டு எது தப்புன்னு தேடிக்கிட்டு இருக்காதீங்க.

பிள்ளை கையில குடுக்கிறதுக்கு முன்னாடி

பேட்டரி டப்பா ஸ்க்ரூ போட்டுத்தான் மூடணும், விரலால திறக்க வரக்கூடாது. காசு மாதிரி இருக்கிற பட்டன் பேட்டரியை இந்த வேலைக்கு எந்தக் காரணத்துக்கும் வாங்காதீங்க, பிள்ளை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாயைப் பொசுக்கிரும். மூணு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை வீட்டுல இருந்தா, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள்ள அடங்குற எந்தச் சாமானும் கழண்டு வரக்கூடாது, பொம்மை சோதிக்கிற இடத்துல வச்சிருக்கிற அளவு அது. சாதா சாலிடர்ல ஈயம் உண்டு, அதனால சாலிடர் வச்ச இடம் எல்லாம் பெட்டிக்கு உள்ளேயே இருக்கட்டும், வேலை முடிஞ்சு கையைக் கழுவுங்க. ஓலை ஓரத்தைத் துணி வச்சுத் தைச்சுருங்க, விரலைக் கீறும். வீட்டுப் பிள்ளைக்குச் செய்றதுக்கு இது போதும், விக்கணும்னு நினைச்சா 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அது தனி வேலை.

சத்தத்தோட உச்ச அளவைப் புரோகிராம்லயே பூட்டி வைங்க. பிள்ளைய பெட்டி மேல காதை வைக்கும், கன்னத்தை வைக்கும், எங்க வீட்டுல முதல் நாளே நடந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் பிள்ளையளுக்குச் சொல்லுத பத்திரமான அளவு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். போன்ல டெசிபல் அளக்குற ஆப் துல்லியம் இல்ல, ஆனாலும் பெட்டியை ஒட்டி வச்சு அளந்தா ஒரு மதிப்பு கிடைக்கும், அதை 75-க்கு நல்லாக் கீழ கொண்டு வந்துட்டு நிறுத்துங்க.

அப்புறம் குடுத்துட்டுத் தள்ளி உக்காருங்க. "இப்படி வாசி, இது ச இது ரி"ன்னு சொல்லிக் குடுக்காதீங்க, முதல் கால் மணி நேரம் வாயைத் திறக்கவே கூடாது. பிள்ளை அறையும், கவுத்துப் போடும், எச்சில் வைக்கும், கவுத்துப் போட்டதுல ஏதாச்சும் கழண்டா அது உங்க வேலையில உள்ள குறை, எடுத்துச் சரி பண்ணுங்க. நீங்க பாக்க வேண்டியது ஒரு விஷயம்: ஒரு இடத்தைத் தொட்டு விட்டுட்டு வேற எங்கயோ போன கை, மறுபடி அதே இடத்தைத் தேடி வருதா. வந்துச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் எந்த இடத்துல இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுப் பிள்ளை மூணாவது நாள் பித்தளைக் கிண்ணத்துக்கும் பெரிய சிரட்டைக்கும் மாத்தி மாத்திப் போய்க்கிட்டே இருந்தா, ச ப ச ப-ன்னு, தம்புரா மாதிரி. அப்புறம், "மாமா, இது ஜில்லுன்னு பாடுது"ன்னு கிண்ணத்தைக் காட்டினா.

அந்த அடுத்த தெருப் பையன் வேற மாதிரி. அவன் பெட்டியை மடியில வைக்காம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசிச்சான், ச-வை அமுக்கிட்டு அதிர்வு அடங்குத வரைக்கும் அசையாம இருப்பான், அப்புறம்தான் அடுத்தது. அவனுக்காக 0.996-ங்கிற எண்ணை 0.999 ஆக்கினேன், சத்தம் இன்னும் நீளமா இழையும். உங்க பிள்ளை எப்படி வாசிக்குன்னு பாத்துட்டு அந்த ஒரு எண்ணை மாத்துங்க, வேகமாத் தட்டுற பிள்ளைக்குக் குறைங்க, காத்திருக்கிற பிள்ளைக்குக் கூட்டுங்க.

பொருளையெல்லாம் ஃபெவிகால் போட்டு ஒரேயடியா ஒட்டிராதீங்க. வெல்க்ரோ வச்சு, கூட ஒரு ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துங்க, பழுதானதை மட்டும் மாத்திக்கிடலாம். பாய்த்துண்டு ஒரு வருஷம் தாங்கும், சிரட்டையும் கிண்ணமும் பிள்ளை வளர்ந்த பிறகும் இருக்கும், முதல்ல நைஞ்சு போறது பீர்க்கங்கூடுதான், மூணு மாசத்துல தூள் கொட்ட ஆரம்பிச்சிரும். அதுக்காக அம்மா கொல்லையில ஒரு பீர்க்கங்கொடி போட்டிருக்காங்க, ரெண்டு காயைப் பறிக்காம முத்த விட்டிருக்கு.